முள்மரத்தடிக் குடிகள்

தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டு, மேலே ஒரு படம் வைத்து அச்சிடும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இவர்களுக்கு ஒத்துவராது. பிறந்த நாளைக் கண்டவர் இல்லை. படத்துக்கு நின்ற வழக்கம் இல்லை. போன நாளைக் குறித்து வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அயர்லாந்தின் கிராமங்களில் பல நூற்றாண்டுகள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எப்போதோ சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் அவர்களைப் பற்றித் தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். ஆகவே, போனவர் யார் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஃபேரி என்றதும் நினைவுக்கு வரும், முதுகில் மெல்லிய சிறகும் கையில் நட்சத்திரக் கோலுமாகப் பறக்கும் குட்டிப் பெண்கள் விக்டோரியா காலத்து ஓவியர்களும் மேடைக்காரர்களும் பரப்பிய உருவங்கள். அயர்லாந்தின் விவசாயி அறிந்தவர்கள் அவர்கள் அல்ல. இவர் அறிந்தவர்கள் ஏறக்குறைய மனித உயரம் கொண்டவர்கள். மாடு வளர்த்தார்கள், சந்தைக்குப் போனார்கள், கல்யாணமும் சாவும் நடத்தினார்கள், ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டம் ஆடினார்கள். ஆட்டத்துக்கு ஓர் உயிருள்ள மனிதன் வேண்டும் என்பது அவர்கள் விதி. அதற்காக நள்ளிரவில் ஊர்ப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரசவம் பார்க்க ஊர் மருத்துவச்சியை அழைத்துப் போவார்கள். அங்கே கொடுக்கும் சோற்றைத் தொட்டவர் திரும்பி வர முடியாது. மன்ஸ்டர் பகுதியினரும் கானக்ட் பகுதியினரும் வானத்தில் மோதிக்கொள்வதும் உண்டு. தோற்ற பக்கத்து நிலத்தில் அந்த ஆண்டு உருளைக்கிழங்கு அழுகும்.

நேர்ப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காதில் விழுந்து கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? 'நல்ல மக்கள்' என்றார்கள், 'பெரிய இடத்துக்காரர்கள்' என்றார்கள். பல நேரம் வெறும் 'அவர்கள்' போதுமாக இருந்தது.

வம்ச வரலாறு இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது. பழைய ஐரிஷ் ஏடுகளின்படி, துவாத்தா டே டானன் என்ற தெய்வக்குலம் பின்னால் வந்த மனிதர்களிடம் போரில் தோற்று, நிலத்தின் மேல்பாதியைக் கொடுத்துவிட்டுக் கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டது. கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட நியூகிரேஞ்ச் கல்லறை மேடு அவர்களின் தலைவர்கள் வாழ்ந்த அரண்மனைகளில் ஒன்று. மாதா கோயிலுக்குப் போய்வந்த கிராமத்தார் வேறு கதை சொன்னார்கள். சாத்தான் கலகம் செய்தபோது எந்தப் பக்கமும் சேராமல் நின்ற தேவதூதர்கள் இவர்கள். நரகத்துக்குத் தள்ளும் அளவு கெட்டவர்கள் அல்ல, சொர்க்கத்தில் வைத்துக்கொள்ளும் அளவு நல்லவர்களும் அல்ல. விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். கடைசித் தீர்ப்பு நாளில் தமக்கு இடம் உண்டா என்று வழியில் பாதிரியாரை நிறுத்திக் கேட்பார்களாம்.

அவர்கள் முகவரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வயல்களுக்கு நடுவே வட்டமாக மண் கரை எழுப்பி, வெளியே பள்ளம் வெட்டிய பழைய கோட்டைகள் அயர்லாந்தில் சுமார் 45,000 உண்டு. பெரும்பாலானவை கி.பி. 600க்கும் 900க்கும் இடையில் குடும்பமும் கால்நடையும் பாதுகாப்பாக இருக்கக் கட்டிக்கொண்ட பண்ணை வீடுகள் என்கிறார்கள் தொல்லியல் அறிஞர்கள். கட்டியவர்களின் நினைவு அழிந்த பிறகு வட்டங்கள் மட்டும் மிஞ்சின. சிலவற்றின் அடியில் கல் பாவிய சுரங்கவழிகளும் இருந்தன. காலியான வீட்டுக்கு ஊர் தானே குடியிருப்பவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. கோட்டையின் கரையில் ஏர் வைக்கக் கூடாது, கல் எடுக்கக் கூடாது. வயலில் தனியே நிற்கும் ஹாதார்ன் என்ற வெள்ளைப்பூ முள்மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது. மீறியவர்களின் கதை ஒவ்வோர் ஊரிலும் இருந்தது: கை விளங்காமல் போனவர், மாடுகள் வரிசையாகச் செத்துப்போனவர், காலையில் எழுந்து பார்த்தால் வாய் கோணியிருந்தவர்.

இந்த அண்டை வீட்டாருடன் வாழ்வதற்குச் சட்டப் புத்தகம் போன்ற ஓர் ஒழுங்கு இருந்தது. ராத்திரியில் கால் கழுவிய தண்ணீரை வாசலில் வீசும் முன் குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாமல் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். பசு கன்று போட்டால் சீம்பாலில் கொஞ்சம் முள்மரத்தடியில் அவர்களுக்கு. காய்ச்சிய சாராயத்திலும் முதல் துளி அவர்களுக்கே. புது வீடு கட்டுவதற்கு முன் நான்கு மூலையிலும் கல்லோ குச்சியோ வைத்துவிட்டு ஓர் இரவு காத்திருப்பார்கள். காலையில் ஏதாவது நகர்ந்திருந்தால் அது அவர்கள் போகும் பாதை, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். தெரிந்த வயலிலேயே வழி தப்பிச் சுற்றிச் சுற்றி வந்தால் அவர்கள் விளையாடுகிறார்கள் என்று பொருள். மேல்சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டால் வழி தெரியும். பசிப்புல் என்று ஒன்று உண்டு. அதை மிதித்தவர் நின்ற இடத்தில் பசியால் சரிந்துவிடுவார், பையில் ஒரு துண்டு ரொட்டி இருந்தால் பிழைத்தார். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்ட நாட்டில், ஆள் விழுந்து செத்த இடத்தில் அந்தப் புல் முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டதில் வியப்பில்லை.

தொட்டிலின் மேல் இரும்பு இடுக்கியைக் குறுக்கே வைத்தார்கள். இரும்பென்றால் அவர்களுக்கு ஆகாது. மேற்குக் கடலோரத்தில் ஆண் பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டி வளர்த்தார்கள். அவர்கள் தேடுவது பையன்களை, பாவாடையைப் பார்த்தால் ஏமாந்து போய்விடுவார்கள் என்ற கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் எடுத்த புகைப்படங்களிலும் அந்தப் பாவாடைக்காரப் பையன்கள் நிற்கிறார்கள்.

இறந்தவரைப் பற்றி நல்லது நாலு சொல்ல வேண்டும் என்றால், சொல்ல நிறையவே இருக்கிறது. மருத்துவர் எட்டாத ஊர்களில் அவர்கள் பெயரால் வைத்தியம் நடந்தது. கிளேர் மாவட்டத்து ஃபீக்கிளில் வாழ்ந்த பிடி எர்லி, ஒரு நீலப் புட்டிக்குள் பார்த்து நோயின் காரணம் சொல்லி மூலிகை கொடுத்தார். காசு கேட்டதில்லை, வந்தவர்கள் சாராயமும் கோழியும் கொண்டுவந்தார்கள். பாதிரியார்கள் பிரசங்க மேடையில் அவரைத் திட்டினார்கள், ஜனங்கள் கேட்டுவிட்டு ராத்திரியில் அவர் வீட்டுக்குப் போனார்கள். 1865இல் எனிஸ் நீதிமன்றத்தில் 1586ஆம் ஆண்டின் சூனியத் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. சாட்சி சொல்ல ஆள் வராமல் தள்ளுபடியானது. 1874இல் அவர் இறந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கதை சேகரிக்கப் போன லேடி கிரெகரியிடம் கிராமத்தார் அவரைப் பற்றி நேற்றுப் பார்த்தவர்போலப் பேசினார்கள்.

இன்னொரு நன்றியும் கோட்டைகளுக்கு உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை தன் கல்லறை மண்ணில் ஏற்கவில்லை. அப்பன்மார் அந்தச் சிறு பெட்டிகளை இருட்டில் சுமந்துபோய் எல்லை ஓரங்களிலும், கடற்கரையிலும், பல இடங்களில் இந்த வட்டக் கோட்டைகளுக்குள்ளும் புதைத்தார்கள். அடையாளத்துக்கு ஒரு வெறுங்கல். யாரும் ஏர் வைக்காத மண், யாரும் கலைக்காத மண் என்பதால் அங்கே புதைத்தார்கள். தேவாலயம் கைவிட்ட பிள்ளைகளுக்கு, தேவாலயம் மறுத்தவர்களின் வீடு இடம் கொடுத்தது.

குடும்பத்துக்கு ஒருத்தி என்று அழுது தீர்த்தவளையும் இங்கே நினைக்க வேண்டும். 'ஓ', 'மாக்' என்று பெயர் தொடங்கும் பழைய குடிகளில் ஒருவர் சாகப்போகிறார் என்றால், வீட்டின் அருகே பான்ஷீயின் ஓலம் கேட்கும். அவள் யாரையும் கொல்வதில்லை, சேதி சொல்வதோடு சரி. மகன் அமெரிக்காவில் சாகும்போது அவன் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் வந்து அழுதாள் என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. கடிதம் வர வாரங்கள் ஆகும், அவள் அன்றே வந்துவிட்டாள். வழியில் சீப்புக் கிடந்தால் எடுக்காதே, அது அவளுடையதாக இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பட்ரிசியா லைசட் 1986இல் வெளியிட்ட பெரிய ஆய்வுக்கு, அவள் குரலைக் கேட்டதாகச் சொன்னவர்களின் வாய்மொழி ஏராளமாகக் கிடைத்தது. கூகையின் அலறலைத்தான் அவர்கள் கேட்டார்கள் என்பார் உண்டு. அந்தக் கூகையும் இப்போது எலிமருந்தின் விஷத்தாலும் மற்றக் காரணங்களாலும் அருகிவிட்டது.

இதுவரை சொன்னது அஞ்சலிக் கூட்டத்தில் பேசக்கூடிய பகுதி. மேடையில் யாரும் எடுக்காத பகுதி ஒன்றும் இருக்கிறது.

அவர்கள் மனிதர்களைக் கொண்டுபோவார்கள் என்று நம்பினால், கொண்டுபோன இடத்தில் வேறொன்றை விட்டுப்போவார்கள் என்றும் நம்ப வேண்டும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று இளைத்தால், நடக்காமல் பேசாமல் போனால், அது தம் குழந்தை அல்ல, மாற்றி வைத்த கிழட்டு உருவம். அதைத் துன்புறுத்தினால் 'அவர்கள்' பொறுக்காமல் உண்மைக் குழந்தையைத் திருப்பித் தருவார்கள். ஃபாக்ஸ்கிளவ் செடியின் சாறு கொடுப்பார்கள். இதயத்தை நிறுத்தக்கூடிய விஷம் அது. சூடான மண்வாரியைக் காட்டி மிரட்டுவார்கள். 1826இல் கெர்ரி மாவட்டத்தில், நிற்கவும் பேசவும் முடியாத நான்கு வயதுப் பையன் ஒருவனைக் குணப்படுத்துவதாக ஃபிளெஸ்க் ஆற்றில் மூழ்கடித்தாள் ஒரு கிழவி. கொல்லும் எண்ணம் இல்லை என்று நடுவர் குழு அவளை விடுவித்தது.

1895 மார்ச்சில் டிப்பரேரி மாவட்டத்து பாலிவாட்லியில் பிரிட்ஜெட் கிளியரி காய்ச்சலில் படுத்தார். வயது இருபத்தாறு. தையல் இயந்திரம் வைத்திருந்தார், தொப்பியும் உடையும் தைத்தார், கோழி வளர்த்து முட்டை விற்றுக் கையில் சொந்தக் காசு வைத்திருந்தார். பிள்ளை இல்லை. கணவர் மைக்கேல் மரப்பீப்பாய் செய்பவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். சில நாளில் கணவருக்கு ஒரு முடிவு வந்துவிட்டது: கட்டிலில் கிடப்பது தன் மனைவி அல்ல. பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் திணித்தார்கள். கடவுள் பெயரால், நீ மைக்கேல் கிளியரியின் மனைவிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அறையில் தகப்பன் இருந்தார், அத்தை இருந்தார், உறவுப் பையன்கள் கைகால்களைப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 15 இரவு, விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றி அவரை எரித்தார் கணவர். பிறகு பக்கத்துக் குன்றின் கோட்டையில் கத்தியோடு காத்திருந்தார். உண்மையான பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்து மீட்கலாம் என்று. மார்ச் 22இல் போலீசார் ஆழமில்லாத ஒரு குழியிலிருந்து பிரிட்ஜெட்டை எடுத்தார்கள்.

கிளோன்மெல் நீதிமன்றம் உள்நோக்கமற்ற கொலை என்று கணவருக்கு இருபது ஆண்டுச் சிறை விதித்தது. 1910இல் வெளியே வந்த மைக்கேல் லிவர்பூல் போய், அங்கிருந்து கனடா போனார். அயர்லாந்து பிரிட்டனிடம் சுயாட்சி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது; இப்படிப்பட்ட ஜனங்களுக்கா சுயாட்சி என்று லண்டன் பத்திரிகைகள் கேட்டன. அந்தக் கேள்வியின் அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல மக்களின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து அந்த இரவைக் கிழித்துவிட்டு இரங்கல் எழுத முடியாது.

இனி மரணக் காரணம். வழக்கமாகப் பள்ளிக்கூடத்தையும் விஞ்ஞானத்தையும் சொல்வார்கள். அவை பங்கேற்றவைதான், ஆனால் முதல் அடி வயிற்றில் விழுந்தது. பஞ்சம் கொன்றதும் கப்பலேற்றியதும் பெரும்பாலும் மேற்கின் ஏழைகளை. இந்தக் கதைகளை ஐரிஷ் மொழியில் வைத்திருந்தவர்கள் அவர்களே. 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசியவர்கள் சுமார் 15 லட்சம். 1891இல் ஏழு லட்சத்துக்கும் குறைவு. நம்பிக்கை ஆங்கிலத்துக்கு மாறி வந்தது, ஆனால் பல்லக்குத் தூக்க ஆளில்லாத சாமிபோல வந்தது.

அடுத்து விளக்கு. ஊர்ப்புற மின்மயத் திட்டத்தின் முதல் கம்பம் 1946 நவம்பர் 5ஆம் தேதி டப்ளின் மாவட்டத்து கில்சாலகனில் நடப்பட்டது. அதுவரை அந்தி சாய்ந்தால் கணப்பு நெருப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பேச வேண்டும், பேசினால் அவர்கள் வந்துவிடுவார்கள். பல்பு எரிந்ததும் மூலைகள் தெரிந்தன. வானொலி பேச ஆரம்பித்தது. 1961 கடைசி நாளில் தொலைக்காட்சியும் வந்தது. இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. லிஃபி நதியில் பூலாஃபூக்கா என்ற அருவி, குதிரை உருவெடுத்து ராத்திரிப் பயணிகளைத் தூக்கிப்போகும் பூக்காவின் இருப்பிடம். அங்கே அணை கட்டி 1940இல் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கவைத்து மின்சாரம் எடுத்தார்கள். இருட்டில் வாழ்ந்தவனின் வீட்டிலிருந்தே வெளிச்சம் புறப்பட்டது.

ஆனால் உயிரை எடுத்தது வெளிச்சம் என்று நான் நினைக்கவில்லை. பிரியம்தான் எடுத்தது. குரோஃப்டன் குரோக்கர் 1825இல் தென் அயர்லாந்தின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்; மறு ஆண்டே கிரிம் சகோதரர்கள் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார்கள். 1888இல் கவிஞர் யேட்ஸ் ஒரு தொகுப்பு போட்டார். படிக்க இன்பமான புத்தகங்கள். வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்து இன்பமாகப் படிக்க முடிந்தது என்பதுதான் விஷயம். கோட்டை ஓரம் மாடு மேய்ப்பவருக்கு அவர்கள் இன்பம் தரவில்லை. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வேகமாக நடந்தார். பயந்தவர்கள் இருந்தவரை அவர்கள் இருந்தார்கள். விரும்புகிறவர்கள் பெருகப் பெருகக் குறைந்தார்கள்.

அரசு தன் பங்குக்கு மரண வாக்குமூலம் வாங்கியது. 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், சேகரிப்பாளர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு மலை மலையாக அனுப்பியது. கிழவர்களின் குரலை மெழுகு உருளையில் பிடித்து, எழுதி முடித்ததும் மெழுகைச் சீவி அடுத்த கிழவருக்குப் பயன்படுத்தினார்கள். 1937 முதல் 1939 வரை ஐயாயிரம் பள்ளிகளில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுப் பாட்டன் பாட்டிகளிடம் கேட்டுக் கையேட்டில் எழுதினார்கள். சொந்த ஊர்க் கோட்டையின் பெயர், அதை வெட்டியவனுக்கு நேர்ந்தது எல்லாம் குழந்தைக் கையெழுத்தில் டப்ளினில் பத்திரமாக இருக்கின்றன. மகத்தான வேலை அது. ஆனால் பாட்டி அச்சத்தோடு சொன்னதைப் பேரன் மதிப்பெண்ணுக்காக எழுதினான்.

ஆணையத்தை நடத்திய சேமஸ் ஓ துலார்காவிடம் ஹாலிவுட்டிலிருந்து வால்ட் டிஸ்னி வந்தார். அவரைப் பழைய வீரகாவியங்களின் பக்கம் திருப்பப் பார்த்தார் ஓ துலார்கா, பலிக்கவில்லை. 1959இல் லெப்ரகான் படம் வெளியானது. ஒருகாலத்தில் தனிமையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த, சிவப்புச் சட்டை போட்டவன் என்றே பல கதைகள் சொன்ன அந்தக் குள்ளன், பச்சைத் தொப்பியோடு விமான நிலையக் கடைகளில் சாவிக்கொத்தாகத் தொங்குகிறான். 2015ஆம் ஆண்டில் பொருளாதாரம் 26 விழுக்காடு வளர்ந்தது என்று அயர்லாந்து அறிவித்தபோது, பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு வித்தையை அமெரிக்கப் பொருளியலாளர் பால் குரூக்மன் 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று கேலி செய்தார். எல்லோருக்கும் புரிந்தது, யாரும் நடுங்கவில்லை.

பயத்தின் மிச்சம் அங்கங்கே கிடக்கிறது. 1999இல் கிளேர் மாவட்டத்து லாட்டூனில் நெடுஞ்சாலை போட ஒரு முள்மரத்தை வெட்ட இருந்தார்கள். மன்ஸ்டர் படை கானக்டோடு மோதப் போகும் வழியில் கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் உயிர் போகும் என்று கதைசொல்லி எடி லெனிகன் பத்திரிகைக்கு எழுதினார். மரம் தப்பியது. மூன்று ஆண்டுக்குப் பின் யாரோ ராத்திரியில் இயந்திர ரம்பத்தால் கிளைகளை அறுத்தார்கள். அது மறுபடி துளிர்த்தது. 2017இல் கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, ஒரு நெடுஞ்சாலை திரும்பத் திரும்ப உள்வாங்குவதற்குக் கோட்டைகளே காரணம் என்றார். மண் அள்ளும் இயந்திரங்கள் வைத்துத் தொழில் நடத்தும் குடும்பத்துக்காரர் அவர். பட்டினி கிடந்தாலும் கோட்டையில் இயந்திரத்தை இறக்க மாட்டேன் என்றார். நாடு சிரித்தது. ஆனால் அயர்லாந்தின் கோட்டைகள் ஆயிரம் ஆண்டு நின்றது அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்காதவர்களால். 1970களில் மானியப் பணமும் புல்டோசரும் சேர்ந்து வந்தபோது, பயம் விட்டுப்போன வயல்களில் அவை மளமளவென்று மறைந்தன. இப்போது காவலுக்கு நினைவுச்சின்னங்களைக் காக்கும் சட்டம் நிற்கிறது. 2012இல் கெர்ரியில் கோட்டையை இடித்த ஒரு விவசாயிக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். கோட்டை போன பிறகு வந்த அபராதம் அது. கை விளங்காமல் போகும் என்ற பயம், இயந்திரத்தைக் கிளப்பும் முன்பே வேலை செய்தது.

அப்படியானால் அவர்கள் திரும்பி வர வேண்டுமா? அந்தப் பயத்தின் அடியில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: நீ உன்னுடையது என்று நினைப்பதில் இன்னொருவருக்கும் பாத்தியதை உண்டு. அதை ஒரு விவசாயி தன் வயலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டபோது ஒரு முள்மரம் பிழைத்தது, பெயரில்லாத குழந்தைகள் கலையாமல் உறங்கின. மைக்கேல் கிளியரி அதையே கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துச் சொன்னார். மரத்தைக் காத்த நம்பிக்கை வேறு, பெண்ணை எரித்த நம்பிக்கை வேறு என்று பிரித்து, முதலாவதை மட்டும் கூப்பிட முடியாது. இரண்டும் ஒரே குடும்பம். போகட்டும். பிரிட்ஜெட்டைப் போன்ற ஒருத்தியைக் காக்க அவர்களைவிட மருத்துவமும் போலீசும் மேல். மரத்தையும் கோட்டையையும் காக்க, அவர்கள் அளவுக்குத் திறமையான ஆள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. இரங்க வேண்டியது அந்தக் காலியிடத்துக்கு.